பலகையில் நிற்கும் பெயரும் மனதில் நிற்கும் பெயரும்: நாடுகள் தங்கள் மதிப்பை எப்படிக் கட்டுகின்றன?

முள்ளியவளை வாசகி (கேள்வி)

வணக்கம். ஏ9 வீதியால ஓமந்தையில இருந்து பரந்தன் வரைக்கும் வந்து, கிளை வீதிகளுக்குள்ள இறங்கினால் கண்ணில படுகிறது பலகைகள்தான். இந்திய வீட்டுத்திட்டம், யப்பான் மக்களின் உதவி, ஐரோப்பிய ஒன்றியத்தின் பன்னிரண்டு நட்சத்திரம், அறிவியல் நகரில ஜேர்மன் பெயரோட ஒரு தொழிற்பயிற்சி நிறுவனம். பலகையே வைக்காத கொரியாவுக்குப் போகத்தான் பெடியள் மொழிச் சோதனைக்குப் படிக்கினம்.

என்ர கேள்வி மூன்று. மென்வலு எண்டு சொல்லுறதும், நாட்டுக்கு பிராண்டிங் செய்யிறதும் ஒண்டா? நாடுகள் இதை நடைமுறையில எப்படிச் செய்யினம், எந்த இடத்தில பிழைக்குது? மூன்றாவது, முல்லைத்தீவுக் கச்சானுக்கு (நிலக்கடலைக்கு) இதே முறையில ஒரு பெயர் கட்டலாமா? எங்கட சங்கத்தில முதல் வேலையா ஒரு இலச்சினை வரைவிக்கத்தான் காசு ஒதுக்க யோசிக்கினம். அது சரியான தொடக்கமா? விபரம் தெரிஞ்ச ஆக்கள் விரிவாச் சொல்லுங்கோ.

குளக்கட்டு (பதில்)

வணக்கம் தங்கச்சி. கடைசிக் கேள்விக்கு முதல் பதில்: இல்லை. இலச்சினை கடைசி வேலை. காரணத்தை விளக்க மற்ற இரண்டையும் தொட வேண்டும்.

மென்வலு என்பது 1990இல் அமெரிக்க அறிஞர் ஜோசப் நை வைத்த சொல். மிரட்டாமலும் காசு கொடுக்காமலும், ஒரு நாடு விரும்புவதை மற்ற நாடும் தானாக விரும்பும்படி செய்கிற ஈர்ப்பு. அதற்கு மூன்று ஊற்று என்றார் அவர்: பண்பாடு, அரசியல் விழுமியங்கள், வெளிநாட்டுக் கொள்கை. நாட்டு பிராண்டிங் வேறு. 1996இல் சைமன் அன்ஹோல்ற் என்ற பிரித்தானியர் ஒரு நாட்டின் பெயரும் கடைச்சரக்கின் பெயர் போல மதிப்பைத் தாங்குகிறது என்று எழுதத் தொடங்கினார். 2005இல் அதை அளக்க ஒரு சுட்டியும் கொண்டுவந்தார். அதில் ஆறு பக்கம் பார்ப்பார்கள்: ஏற்றுமதிப் பொருள், ஆட்சி, பண்பாடு, மக்கள், சுற்றுலா, முதலீடும் குடியேற்றமும். விளம்பர நிறுவனங்கள் அவருடைய சொல்லை எடுத்துக்கொண்டு நாடுகளுக்கு இலச்சினையும் சுலோகமும் விற்கத் தொடங்கியபோது, விளம்பரத்தால் நாட்டின் பெயர் மாறுவதில்லை என்று எதிர்த்து எழுதியவரும் அவரேதான். இந்தத் துறையில் இறங்குபவர்கள் இந்த ஒன்றையாவது முதலில் படிக்க வேண்டும்.

எங்கள் நாட்டிலேயே நல்ல உதாரணம் தேயிலை. நாட்டின் பெயர் 1972இல் மாறியது. தேயிலையின் பெயர் 'சிலோன்' என்றே நின்றது, ஏனென்றால் வாங்குபவர்கள் நூறு வருடமாக அந்தப் பெயரைத்தான் நம்பியிருந்தார்கள். வாள் ஏந்திய சிங்க இலச்சினை இலங்கைத் தேயிலைச் சபையின் சொத்து. அதைப் பெட்டியில் அச்சிட வேண்டுமென்றால் உள்ளே இருப்பது 100 வீதம் இலங்கைத் தேயிலையாக இருக்க வேண்டும், இலங்கையிலேயே பொதி செய்திருக்க வேண்டும், சபையின் தரத்துக்கு உட்பட்டிருக்க வேண்டும். மொத்தமாக மூட்டையில் ஏற்றி வெளிநாட்டில் மற்ற நாட்டுத் தேயிலையோடு கலந்தால் சிங்கம் கிடையாது. பெயரைக் காப்பது இந்த மறுப்புத்தான். கேட்கிறவனுக்கெல்லாம் கொடுக்கிற இலச்சினை இரண்டு வருடத்தில் வெறும் படமாகிவிடும்.

காசு எங்கிருந்து வருகிறது என்பதையும் பாருங்கள், நிறையத் திட்டம் அங்கேதான் படுக்கிறது. 2010இல் ஏற்றுமதியாகும் தேயிலைக் கிலோவுக்கு 3.50 ரூபா பிரசார வரியாக அறவிடத் தொடங்கினார்கள். அந்தப் பணத்தில் நடக்க வேண்டிய உலகப் பிரசாரம் வருடக்கணக்கில் இழுபட்டது. கொலம்பியாவில் கோப்பிப் பயிர்ச்செய்கையாளர் கூட்டமைப்பு 1927இல் உருவானது. ஏற்றுமதியாகும் ஒவ்வொரு இறாத்தல் கோப்பிக்கும் 6 அமெரிக்க சதம் ஒரு தேசிய நிதிக்குப் போகிறது. ஆராய்ச்சி, கொள்வனவு உத்தரவாதம், தரப் பரிசோதனை, விளம்பரம் எல்லாம் அதற்குள். கோவேறு கழுதையோடு நிற்கும் குவான் வல்டேஸ் என்ற கற்பனை விவசாயியை 1950களின் கடைசியில் உருவாக்கினார்கள். அந்தப் படம் வேலை செய்ததற்குக் காரணம், அதன் பின்னால் முப்பது வருடம் நடந்து பழகிய ஒரு கூட்டமைப்பும் அதன் கொள்வனவு ஒழுங்கும் இருந்ததுதான். அந்தக் கோப்பிக்கு ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் குறியீடு, அதாவது விளைந்த இடத்தின் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு, கொடுத்தது 2007இல்.

எங்கள் கறுவாவுக்கு அது 2022இல் கிடைத்தது, இலங்கைப் பொருள் ஒன்றுக்கு முதற்தடவை. அங்கேயும் பொருளே பேசியது. உலகச் சந்தையில் மலிவாக ஓடுவது கசியா என்ற வேறு மரத்தின் தடித்த பட்டை. அதில் கூமரின் என்ற பொருள் அதிகம், கூடுதலாக உட்கொண்டால் ஈரலைத் தாக்கக்கூடியது. இலங்கைக் கறுவாவில் அது மிகச் சொற்பம். சுருளின் விட்டம், நிறம், உடைவு எல்லாவற்றுக்கும் இலங்கைத் தரநிர்ணயம் 81 என்ற எழுத்துவடிவத் தரம் இருக்கிறது. ஆகத் திறமான 'அல்பா' வகைச் சுருள் 6 மில்லிமீற்றருக்குள் இருக்க வேண்டும். அளக்கக்கூடிய வேறுபாடு ஒன்று இருந்தால்தான் பெயரைச் சட்டத்தால் காக்க முடியும். 'எங்கட சாமான் நல்ல ருசி' என்பது சட்டத்தில் நிற்காது.

சுவிற்சர்லாந்தைப் பாருங்கள். 2017 தொடக்கம் உணவுப்பொருளில் சுவிஸ் சிலுவை போட வேண்டுமென்றால் மூலப்பொருளின் நிறையில் 80 வீதம் அந்நாட்டினுடையதாக இருக்க வேண்டும், பால் என்றால் முழுதும். தொழிற்சாலைப் பொருளென்றால் உற்பத்திச் செலவில் 60 வீதம். பேர்பெற்ற ஒரு சொக்லேற் உற்பத்தியின் ஒரு பகுதியை சுலோவாக்கியாவுக்குக் கொண்டுபோனபோது, பெட்டியில் இருந்த மற்றர்ஹோர்ன் என்ற சுவிஸ் மலையின் படத்தையே 2023இல் எடுக்க வேண்டி வந்தது. ஒரு நாடு தன் பெயரை எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான ஏற்பாடு இல்லை.

பாலையடி (பதில்)

குளக்கட்டு அண்ணா பொருளின் பக்கத்தைச் சொல்லிவிட்டார். நான் பலகைகளுக்கு வருகிறேன், வாசகி கேட்டதில் எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான்.

உதவி கொடுக்கும் நாடுகள் பலகை வைப்பது ஒப்பந்த நிபந்தனை. ஐரோப்பிய ஒன்றிய நிதி பெறும் நிறுவனம் கொடியையும் நிதி யாருடையது என்ற வாசகத்தையும் காட்டியே ஆக வேண்டும், பலகை, அறிக்கை, படக் காணொளி எல்லாவற்றிலும். அமெரிக்க உதவிப் பொதிகளில் 'அமெரிக்க மக்களிடமிருந்து' என்று எழுதியிருந்ததும் அப்படியே. பெரும்பாலும் பலகை பேசுவது அந்த நாட்டின் வரி செலுத்துவோரோடும் பாராளுமன்றத்தோடும். 'உங்கள் காசு இங்கே வந்து சேர்ந்தது' என்பதற்கான சாட்சி அது. ஊர்ச்சனத்தின் மனம் வேறு கணக்கில் ஓடுகிறது.

அந்தக் கணக்கு என்ன? உதவி ஆபத்தான நேரத்தில் வந்ததா, கண்ணுக்குத் தெரிந்ததா, சொன்னபடி முடிந்ததா. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு அமெரிக்கக் கப்பல்களும் உலங்குவானூர்திகளும் இந்தோனேசியாவின் அச்சேயில் இறங்கி வேலை செய்தன. ஈராக் போரால் 2003இல் 15 வீதமாகக் கிடந்த அமெரிக்கா மீதான நல்லெண்ணம் இந்தோனேசியாவில் 2005இல் 38 வீதமாக ஏறியதை பியூ ஆய்வு மையத்தின் கருத்துக்கணிப்புக் காட்டியது. எந்த விளம்பரமும் அந்த வேகத்தில் ஏற்றாது. ஆனால் ஏறியது நிற்க வேண்டுமென்றால் தொடர வேண்டும். அமெரிக்க உதவி நிறுவனம் 2025 யூலையில் மூடப்பட்ட பிறகு அந்தப் பலகைகள் இப்போது எதற்குச் சாட்சி என்று யோசித்துப் பாருங்கள்.

இந்திய வீட்டுத்திட்டத்தை எடுப்போம். 2010இல் அறிவித்த 50,000 வீடுகளில் 46,000 வடக்குக் கிழக்குக்கு. ஒரு வீட்டுக்கு 5,50,000 ரூபா, கட்டம் கட்டமாகப் பயனாளியின் வங்கிக் கணக்குக்கே நேரே போனது, வேலையைச் செய்விப்பது வீட்டுக்காரர். பிராண்டிங் கண்ணால் பார்த்தால் இது புத்திசாலித்தனமான வடிவமைப்பு. ஒப்பந்தகாரன் இடையில் இல்லை, அத்திவாரம் முதல் ஓடு வரை வீட்டுக்காரரின் முடிவு, அதனால் வீடு 'தந்த வீடு' ஆகாமல் 'எங்கட வீடு' ஆகிறது. பிழைத்த இடமும் அதே வடிவமைப்புக்குள்தான் இருக்கிறது. ஒரே காலத்தில் ஊரெல்லாம் கட்டத் தொடங்க மணல், சீமெந்துக்கல், மேசன் கூலி எல்லாம் ஏறியது. தொகை ஏறவில்லை. வரைபடத்தைக் கொஞ்சம் பெருப்பித்த குடும்பங்கள் கடனுக்குள் போயின. நன்கொடை கொடுத்த நாட்டின் பெயர் கடன் கட்டுகிற வீட்டில் எப்படி ஒலிக்கும் என்பதை எந்த மதிப்பீட்டுப் படிவமும் கேட்பதில்லை. தொகையை விலைச் சுட்டியோடு கட்டியிருந்தால் இந்தச் சிக்கலின் பெரும்பகுதி வந்திருக்காது.

திருக்கேதீச்சரத் திருப்பணி இன்னொரு வகை. இந்தியத் தொல்லியல் துறையும் மாமல்லபுரச் சிற்பக் கல்லூரியும் சேர்ந்த கல்வேலை. பாடல்பெற்ற தலம், இரண்டு கரைக்கும் பொதுவான வழிபாடு. பலகையே தேவையில்லாத உதவி அது. யாழ்ப்பாணத்தில் இந்திய நன்கொடையில் எழுந்த கலாசார மையத்தைப் பாருங்கள். 2025 தையில் திருவள்ளுவர் பெயரை மட்டும் வைத்தவுடன் 'யாழ்ப்பாணம்' எங்கே என்று எதிர்ப்பு எழுந்து, பிறகு ஊர்ப்பெயரையும் சேர்த்தார்கள். வள்ளுவரில் யாருக்கும் குறை இல்லை. கேட்காமல் வைத்ததில்தான் குறை. கட்டடம் கட்டப் பல வருடம், பெயரை வைத்த விதத்தால் கெட ஒரு நாள்.

அறிவியல் நகரில் 2016இல் தொடங்கிய ஜேர்மன் பயிற்சி நிறுவனம் மெதுவாக வேலை செய்யும் வகை. வாகனம், மின், இயந்திரம், உணவுத் தொழில்நுட்பம் என்று தொழில் கற்று என்.வி.கியூ. என்ற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழோடு வெளியேறும் பிள்ளை, அந்த நாட்டின் தொழில் ஒழுங்கைத் தன் கையில் எடுத்துக்கொண்டு போகிறது. அளவுகோல், கருவி, பாதுகாப்புச் சப்பாத்து எல்லாம் ஒரு பழக்கமாக இறங்குகிறது. பத்து வருடம் கழித்து அதே பிள்ளை பட்டறை தொடங்கும்போது எந்த நாட்டு இயந்திரத்தை நம்பும்? ஒரு வரலாறும் இதோடு சேரும். 'ஜேர்மனியில் செய்தது' என்ற முத்திரை 1887இல் பிரித்தானியச் சட்டம் கட்டாயப்படுத்தியது. பிரித்தானியச் சாமானென்று ஏமாந்து மட்டமான வெளிநாட்டுச் சாமானை வாங்காதீர்கள் என்ற எச்சரிக்கையாகத்தான். ஜேர்மன்காரர் முத்திரையை எதிர்த்து மினைக்கெடாமல் சாமானைத் திருத்தினார்கள். எச்சரிக்கையே சிபாரிசாக மாறியது.

கரிப்பட்டமுறிப்பு (பதில்)

பிழைக்கிற இடம் பற்றித்தான் வாசகி கேட்டவ, ஆனால் பெரிய பிழை இரண்டை ரெண்டு பேரும் தொடேல்லை.

ஒண்டு, சுலோகத்தை அடிக்கடி மாத்திறது. இந்தியா 'இன்கிரெடிபிள் இந்தியா' எண்டதை 2002இல தொடங்கி இப்பவும் வைச்சிருக்குது. நியூசிலாந்து '100 வீதம் தூய்மை' எண்டதை 1999இல தொடங்கினது. இலங்கைச் சுற்றுலா 'ஒப்பில்லா நாடு', 'சின்ன அற்புதம்', 'ஆசியாவின் ஆச்சரியம்', 'சோ ஸ்ரீலங்கா', பிறகு 2023இல 'மீண்டும் வருவீர்கள்' எண்ட பொருளில இன்னொண்டு. ஆட்சி மாற மாற வாசகமும் மாறும். ஒரு வாசகம் வெளிநாட்டவன்ர காதில பதிய முன்னமே அதை எடுத்தால் முதல் போட்ட காசு முழுக்க வீண். அதோட நேரமும் பாருங்கோ. 2018 ஒக்ரோபர் 26இல கொழும்பில ரெண்டு பிரதமர் எண்ட நெருக்கடி. 'சோ ஸ்ரீலங்கா'வை இலண்டன் சுற்றுலாச் சந்தையில வெளியிட்டது அடுத்த மாதத் தொடக்கத்தில. உலகச் செய்தியில ஒரு இலங்கை, விளம்பரத்தில வேறொரு இலங்கை. 2018இல 23.3 இலட்சம் பயணிகள். 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு அந்த வருடம் 19.1 இலட்சம். நாட்டுக்குள்ள நடக்கிறதை எந்த வாசகமும் மூடாது.

ரெண்டாவதை வன்னி விவசாயிக்கு விளக்கத் தேவையில்லை. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை. உலகின்ர முதல் முழு இயற்கை விவசாய நாடு எண்ட பெயர் வேணும் எண்டது நோக்கம், கிளாஸ்கோ காலநிலை மாநாட்டிலயும் அதைப் பெருமையாச் சொன்னவை. அந்த மாநாடு முடிஞ்சு ரெண்டு கிழமைக்குள்ள, நவம்பரில, தடை தளர்த்தப்பட்டது. அதுக்குள்ள காலபோக விதைப்பு நடந்து முடிஞ்சிட்டுது. தேயிலை உற்பத்தி 2021இல ஏறத்தாழ 299 மில்லியன் கிலோ, 2022இல 251 மில்லியன். இயற்கை விவசாயம் பிழை எண்டு சொல்ல வரேல்லை. மண்ணில சேதனச் சத்து ஏற மூண்டு நாலு வருசம் வேணும், சேதன உரத்தை ஏக்கருக்குத் தொன் கணக்கில தேடவேணும், சான்றளிக்கிற ஆக்கள் வேணும். இதொண்டும் இல்லாமல் பெயரை முதல் அறிவிச்சினம். பெயருக்குப் பின்னால பொருள் வராட்டில் விலை கொடுக்கிறது வயலில நிக்கிற ஆள்தான். இதை நினைச்சால் இப்பவும் கோபம் வருது.

கொரியாவைப் பற்றி ஒரு திருத்தம். 'கொரிய அரசு திட்டம் போட்டு நாடகத்தால உலகத்தைப் பிடிச்சது' எண்டு சொல்லுற கதை பாதிதான் சரி. 2009இல நாட்டு பிராண்டிங்குக்கு ஒரு சனாதிபதிக் குழு அமைச்சு, அன்ஹோல்ற்றின்ர சுட்டியில 33ஆம் இடத்தில இருந்து 2013க்குள்ள 15ஆம் இடத்துக்கு வரவேணும் எண்டு இலக்கு வைச்சினம். ஆட்சி மாற 2013இல குழுவையே கலைச்சாச்சு. 2016இல வந்த 'கிரியேற்றிவ் கொரியா' வாசகம் பிரான்சின்ர ஒண்டைப் பார்த்து எடுத்தது எண்ட குற்றச்சாட்டோட அடுத்த வருசமே கைவிடப்பட்டது. அந்த நேரமெல்லாம் நாடகமும் பாட்டும் தன்ர பாட்டில ஓடிக்கொண்டிருந்தது. அரசு உண்மையாச் செய்த உதவி பின்பக்கத்தில: 1999இல பண்பாட்டுத் தொழில்களுக்கான அடிப்படைச் சட்டம், ஏற்றுமதிக்கு நிதி, வேகமான இணையம், வெளிநாடுகளில மொழி கற்பிக்கிற செஜோங் நிலையங்கள். எங்கட பெடியள் கொரிய மொழி படிக்கிறது நாடகத்துக்காக இல்லை, அங்க வேலைக்குப் போக வழிவிடுற வேலை அனுமதி முறைக்காக. கதவு திறந்திருக்குது, அதுதான் ஈர்ப்பு.

தாய்லாந்தையும் சேர்த்துக்கொள்ளுங்கோ, இது சங்கத்துக்கு உதவும். 2002இல வெளிநாட்டுத் தாய் உணவகங்களைப் பெருக்கத் திட்டம் போட்டினம். அப்ப ஏறத்தாழ 5,500 கடை, 2018இல 15,000க்கு மேல. கடை தொடங்கக் கடன், சமையலாளருக்குப் பயிற்சி, சிறிய நடுத்தர உயர்தரக் கடை எண்டு மூண்டு மாதிரி வடிவம், தாய் மூலப்பொருளை அனுப்ப வழி. 'தாய் செலெக்ற்' சான்று தரமுதல் கடைக்கு ஆளை அனுப்பிச் சாப்பாட்டைப் பார்ப்பினம். வெளிநாட்டில ஒரு கோப்பை கறி விற்றால் மீன்சோஸ், அரிசி, தேங்காய்ப்பால் எல்லாம் தாய்லாந்தில இருந்து போகும். பெயரும் சாமானும் ஒண்டை ஒண்டு இழுக்குது.

முள்ளியவளை வாசகி

மூண்டு பேருக்கும் நன்றி. அப்ப கச்சானுக்கு எதில தொடங்கிறது? குளக்கட்டு அண்ணா, படிப்படியாச் சொல்லுவீங்களோ?

குளக்கட்டு

சொல்கிறேன். கச்சானுக்குப் பெயரைக் கெடுக்கக்கூடிய ஒரே பெரிய எதிரி அஃப்ளாரொக்சின். ஈரத்தில் வளரும் அஸ்பெர்ஜிலஸ் பூஞ்சணத்தின் நஞ்சு அது, வறுத்தாலும் முழுதாகப் போகாது. நேரே உண்ணும் கச்சானுக்கு ஐரோப்பிய ஒன்றியம் வைத்த எல்லை கிலோவுக்கு பி1 வகை 2 மைக்ரோகிராம், மொத்தம் 4. அவ்வளவு சிறிய அளவு. 'முல்லைத்தீவுக் கச்சான்' என்று பெயர் போட்டு அனுப்பிய ஒரு தொகுதி இதில் தோற்றால், அந்தப் பெயரோடுதான் நிராகரிப்பு அறிவித்தல் வரும். பெயரில்லாத கச்சான் தோற்றால் யாருக்கும் தெரியாது. பெயர் வைப்பதன் ஆபத்து இதுதான்.

ஆகவே தொடக்கம் வயலில். பிடுங்கியவுடன் செடியைக் காய் மேலே இருக்கத் தலைகீழாக வைத்து வாட்டுங்கள். காய் பிரித்த பிறகு வெறும் மண்ணில் போடாமல் தறப்பாளில் மெல்லிய படையாகப் பரப்பி, பின்னேரம் பனி இறங்க முன் மூடுங்கள். பருப்பின் ஈரப்பதம் 7 வீதத்துக்குக் கிட்ட வர வேண்டும். காதுக்குப் பக்கத்தில் குலுக்கிச் சத்தம் பார்ப்பது அனுபவம்தான், ஆனால் சான்றுக்கு உதவாது. சங்கத்துக்கு ஒரு ஈரமானி வாங்குங்கள். இலச்சினைக்கு ஒதுக்கிய காசு அதற்குப் போகட்டும். ஓடு இலகுவாக உடைய வேண்டுமென்று தண்ணீர் தெளிக்கும் பழக்கம் இருந்தால் அதை முழுதாக நிறுத்துங்கள், காய வைத்த அத்தனை வேலையும் அந்த ஒரு வாளியில் போய்விடும். சுருங்கியது, நிறம் மாறியது, வண்டு குத்தியது கையால் பொறுக்கப்பட வேண்டும். நஞ்சு எல்லாப் பருப்பிலும் சமமாக இருக்காது, சில பருப்பில் குவிந்திருக்கும். அதனால் பரிசோதனைக்கு ஒரு கைப்பிடி அனுப்பினால் நல்ல முடிவு வந்தாலும் நம்ப முடியாது. ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் கொஞ்சம் எடுத்துக் கலந்து, அரைத்து அனுப்ப வேண்டும்.

அடுத்தது விதிக்கோவை. இரண்டு பக்கம் போதும்: எந்தக் கிராம சேவகர் பிரிவுகளின் கச்சான் இந்தப் பெயருக்குள் வரும், ஈரப்பத எல்லை என்ன, பொறுக்கல் தரம் என்ன, யார் பரிசோதிப்பது, மீறினால் எத்தனை போகத்துக்கு நீக்கம். பரிசோதிப்பவர் விற்பவராக இருக்கக் கூடாது. ஒவ்வொரு மூட்டைக்கும் விவசாயி இலக்கமும் பிடுங்கிய கிழமையும் எழுதிய அட்டை கட்டுங்கள், தவறு வந்தால் அந்த மூட்டையை மட்டும் திருப்பி எடுக்கலாம்.

அதற்குப் பிறகுதான் சட்டம். தனியார் வணிகக் குறியாக ஊர்ப்பெயரைப் பதிவது கடினம், ஊர்ப்பெயர் எல்லோருக்கும் பொது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் கூட்டுக்குறி (சங்க உறுப்பினர் சேர்ந்து பயன்படுத்துவது), சான்றளிப்புக்குறி (வைத்த தரத்தில் தேறிய பொருளுக்குக் கொடுப்பது) என்று இரண்டு வழி உண்டு. தேசிய புலமைச் சொத்து அலுவலகத்துக்கு விண்ணப்பிக்கும்போது பயன்பாட்டு விதிகளும் கேட்பார்கள், அந்த விதிக்கோவை அங்கே உதவும். குறிகளைப் பொருள் வகுப்பு வாரியாகப் பதிவார்கள்: பச்சைக் கச்சான் 31ஆம் வகுப்பு, வறுத்துப் பொதி செய்தது 29ஆம் வகுப்பு. இரண்டும் விற்பதென்றால் இரண்டுக்கும் விண்ணப்பியுங்கள், ஒன்றை விட்டால் வேறொருவர் அதற்குள் நுழைவார். பதிவு 10 வருடம், பிறகு புதுப்பிக்கலாம்.

பாலையடி

ஒன்று சேர்க்கிறேன். பெயரை 'வன்னிக் கச்சான்' என்று விரிப்பதா, 'முல்லைத்தீவுக் கச்சான்' என்று சுருக்குவதா என்பதை விதிக்கோவை எழுத முன் தீருங்கள். வவுனியா, மன்னார், கிளிநொச்சி மண்ணும் வேறு, மழையும் வேறு. பெயரை விரித்தால் பரிசோதிக்க வேண்டிய இடமும் விரியும், சங்கத்திடம் இருப்பது ஒரு ஈரமானி.

முள்ளியவளை வாசகி

விளங்குது. முல்லைத்தீவு எண்டே வைப்பம். ஈரமானி வாங்கேக்க எதைப் பார்க்க வேணும்?

கரிப்பட்டமுறிப்பு

கச்சானுக்கான அளவீடு உள்ளுக்க இருக்குதோ எண்டு கேளுங்கோ. நெல்லுக்கு மட்டும் சரிசெய்த மானியை எண்ணெய்வித்துக்குப் போட்டால் பிழையான வாசிப்புத் தரும். வாங்கின உடன ஒரே மாதிரியில ரெண்டு பங்கு எடுத்து, ஒண்டை மானியிலயும் மற்றதை ஆய்வுகூட அடுப்பில காயவைச்சு நிறுத்தும் பாருங்கோ. வித்தியாசத்தை மானியிலயே எழுதி ஒட்டி வையுங்கோ.